குறும்பட நாட்குறிப்பில் எழுத வேண்டியவை

முதல் படம் எடுக்கிறவர்களின் நாட்குறிப்பைப் புரட்டினால் பாதிக்குமேல் மனநிலைதான். 'இன்று மனசு நிறைந்தது.' நிறையட்டும். எடிட்டிங்கில் உட்காரும்போது அதனால் ஒரு காசுக்குப் பிரயோசனமில்லை. அங்கே வேண்டியது எந்த டேக் (ஒரே ஷாட்டை எத்தனையாவது தடவை எடுத்தது), எத்தனை மணி, என்ன லென்ஸ், என்ன கேமரா அமைப்பு என்று சொல்லும் இப்படி ஒரு வரி:

காட்சி 4, ஷாட் 2, டேக் 3. மாலை 5.42. 50 எம்எம், எஃப் 2.8, 1/50, ஐஎஸ்ஓ 800. நடிப்பு சரி. 'அப்பா' என்ற சொல் வரும் இடத்தில் குயில் சத்தம். தே தாரே கிளாஸ் இடது கையில்.

தேநீர் கிளாஸ் எந்தக் கையில் என்பது அற்பமாகத் தெரியும். இரண்டு வாரம் கழித்து அதே காட்சிக்கு க்ளோசப் எடுக்கும்போது அதன் அருமை புரியும். பென்சிலால் எழுதுங்கள், மழையில் மை கரையும்.

ஷட்டர் வேகம் 1/50 நொடி என்பதற்கும் காரணம் உண்டு. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/60ல் வைத்தால் வீடமைப்பு புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்ததெல்லாம் பட்டை பட்டையாக ஓடும். கேமராவின் சின்னத் திரையில் இது கண்ணுக்கே படாது, அதுதான் வம்பு. (கீழ்த்தளத்தில் எடுக்க நகர மன்றத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கடிதம் நாட்குறிப்பின் அட்டைக்குள் இருக்கட்டும்.)

ஏர்கான் அறையிலிருந்து கேமராவை நேராகத் தேக்காவின் ஐந்தடி நடைபாதைக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் பனிபிடிக்கும். துடைத்தாலும் கண்ணாடி குளிர்ந்திருக்கும்வரை மறுபடி பிடிக்கும். அறைக்குள்ளேயே காற்றுப் புகாத பைக்குள் போட்டு அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்பதையும் குறியுங்கள், மறுநாள் அழைப்பு நேரம் போட உதவும்.

சத்தம்தான் இங்கே பெரிய தலைவலி. குயில் பாதிக் கூவலில் இருக்கும்போது 'கட்' சொன்னால் அடுத்த டேக்கோடு ஒட்டாது. எம்ஆர்டி மேம்பாலம் பக்கத்தில் இருந்தால் ரயில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று முதலில் எண்ணி எழுதுங்கள். வசனத்தை அந்த இடைவெளிக்குள் அடக்கலாம். கிளம்பும்முன் எல்லாரையும் வாய்மூடச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இதை மறக்காத புதுக்குழு அபூர்வம்.

1990ல் நாடகாசிரியர் குவோ பாவ் குன் ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலைமையம் போன்ற இடங்களில் இதெல்லாம் பேச்சோடு பேச்சாகக் கைமாறி வந்தது. 2021ல் அந்தக் கட்டடம் கைவிட்டுப் போனது. இப்போது அந்தப் பேச்சை நாட்குறிப்புதான் சுமக்கிறது. எழுதியதை ஃபோட்டோ எடுத்து அடுத்த குழுவுக்கு அனுப்புங்கள்.

கடைசி நாலு பக்கம் கைமாற்றுக் கணக்குக்கு. இன்று உங்கள் படத்துக்குப் பூம் மைக் பிடித்தவருக்கு நாளை நீங்கள் லைட் தூக்க வேண்டும். யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்று எழுதாவிட்டால் நட்பு கசக்கும். இரவல் சாமானையும் உதிரியோடு எழுதுங்கள். அதிகம் தொலைவது ட்ரைபாட் பிளேட், அதாவது கேமராவை முக்காலியில் மாட்டும் தட்டு. அது திருட்டுப் போவதில்லை, கேமராவின் அடியில் மாட்டியபடியே இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. திருப்பிக் கொடுக்கும்முன் அடியைத் தடவிப் பாருங்கள்.