போடி பட்டறைக் குறிப்பேடு: டிராவலர் வேனில் டீசல் ஹீட்டர்

டிசம்பர் 9, 2024, திங்கள்

வந்திருப்பது டெம்போ டிராவலர். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு இரண்டு கட்டிலும் ஒரு சமையல் மேடையும் போட்டிருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க மூணாறு, வட்டவடை, காந்தலூர் என்று மேலேயே கிடக்கப் போகிற வண்டி. 2021-இல் கேரளச் சுற்றுலாத்துறை கேரவன் கொள்கையைக் கொண்டுவந்த பிறகு இந்த மாதிரி வண்டிகள் பட்டறைப் பக்கம் தலைகாட்டுகின்றன.

வண்டிக்காரர் கேட்டது, டீசலை எரித்து வண்டிக்குள் சூடேற்றுகிற 5 கிலோவாட் ஹீட்டர். "பெருசா இருந்தா நல்லதுதானண்ணே?" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினோம். உள்ளே 4 மீட்டர் நீளம், 1.75 அகலம், 1.9 உயரம். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 35 சதுர மீட்டர். ஒரு அங்குல ஃபோம் ஒட்டியிருக்கிறார்கள், கண்ணாடியும் நிறைய. சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 2 வாட் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியே 4 டிகிரி, உள்ளே 20 வேண்டும் என்றால் 35 × 2 × 16 = 1,120 வாட். அவ்வளவுதான் தேவை. 5 கிலோவாட் ஹீட்டர் எவ்வளவு குறைத்து வைத்தாலும் மணிக்கு 160 மி.லி. டீசல் எரிக்கும். லிட்டருக்கு 10 கிலோவாட்-மணி, அதில் எண்பது சதவீதம் உள்ளே வந்தால் 1.3 கிலோவாட். அதாவது அப்படிப்பட்ட குளிர் ராத்திரியில்கூட அது இரவெல்லாம் சும்மா முனகிக்கொண்டு கிடக்கும். முனகுகிற ஹீட்டரில் எரிகலம் போதிய சூடேறாது, கரி அடையும். நம் மலைக்கு 2 கிலோவாட் போதும், அதையும் நன்றாக எரியவிட வேண்டும். ஒப்புக்கொண்டார்.

டிசம்பர் 10, செவ்வாய்

இடம் பார்த்தது மட்டும் ஒன்றரை மணி நேரம். உள்ளே பின் கட்டிலுக்கு அடியில் வசதிதான், ஆனால் முடிவு செய்வது வண்டிக்கு அடியில் இருப்பதுதான். சேஸ் பார், பிரேக் பைப், வயர் கட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், டீசல் குழாய் எதுவும் குறுக்கே வரக்கூடாது. உள்ளிருந்து 3 மி.மீ. துளை ஒன்று போட்டு, கம்பியைச் செருகி, கீழே படுத்து அது எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வட்ட ஓட்டை போடும் பெரிய ரம்பத்தை (ஹோல் சா) கையில் எடுத்தோம்.

ஓட்டை 120 மி.மீ. தரை மூன்று அடுக்கு: தகடு, ஃபோம், பிளைவுட். பிளைவுட்டை ஓட்டையைவிட நன்றாகவே பெரிதாக வெட்டி எடுத்தாயிற்று. புகைக்குழாய் இறங்கும் இடத்தில் மரம் பக்கத்தில்கூட இருக்கக்கூடாது. ஹீட்டர் உட்காருவது இரும்புத் தகட்டின் மேல், நான்கு 6 மி.மீ. போல்ட்டில். அடியில் கேஸ்கெட் முழுதாக அமர வேண்டும், தரைத்தகடு நெளிந்திருந்தால் முதலில் அதைத் தட்டி நேராக்க வேண்டும். வெட்டிய விளிம்புக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு. ஏலமலை மழையில் பூசாத விளிம்பு ஒரு வருஷம் தாங்காது.

ஹீட்டரைப் பொருத்தும்போது, டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கின் மூடி கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். கட்டில் சட்டத்தோடு ஒட்டி வைத்துவிட்டு, பிறகு பிளக் மாற்றக் கட்டிலையே அறுத்த கதை உண்டு.

டிசம்பர் 11, புதன்

இன்று வெளிக்குழாய்கள். ஆளைக் கொல்லக்கூடிய ஒரே பகுதி இதுதான் என்பதால் அவசரப்படவில்லை.

கீழே இரண்டு குழல். ஒன்று எரிவதற்கான காற்றை உறிஞ்சும், மற்றது புகையைத் தள்ளும். இரண்டுமே வண்டிக்கு வெளியே நடக்கிற காரியம். உள்ளே சுற்றுகிற காற்று தனி, அது சூடான அலுமினிய உடம்பைத் தடவிவிட்டு வருகிறதே தவிர நெருப்பைத் தொடுவதில்லை. இந்தப் பிரிவினை சரியாக இருக்கும்வரை பயமில்லை.

புகைக்குழாய் 24 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வளைகுழல். பெட்டியில் வந்த கிளாம்ப் மெலிசு; அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல தடித்த கிளாம்ப், உள்ளே சைலன்சர் பேஸ்ட். கூட வந்த சைலன்சர் டப்பாவில் மடிப்புத் தையல் வழியாகப் புகை கசியும், விலை குறைந்தவை எல்லாம் அப்படித்தான். அதனால் அதை வண்டியின் விளிம்போரமாகத் தள்ளி, தரை ஓட்டைகளிலிருந்து விலக்கி மாட்டினோம். குழாய் ஹீட்டரிலிருந்து வெளிமுனை நோக்கிச் சரிய வேண்டும். எங்காவது தொய்ந்தால் அங்கே தண்ணீர் கட்டும். தொய்வைத் தவிர்க்க முடியாத ஓரிடத்தில், ஆகக் கீழான புள்ளியில் 3 மி.மீ. துளை போட்டோம். மொத்த நீளம் ஒன்றரை மீட்டர். இரண்டைத் தாண்ட விடுவதில்லை.

வெளிமுனை எங்கே? பின்பக்கம் கூடாது, ஓடுகிற வண்டியின் முதுகில் காற்றழுத்தம் குறைந்து புகை திரும்ப உள்ளே வரப் பார்க்கும். ஜன்னலுக்கு அடியிலும் கூடாது. இந்த வண்டியில் இடப்பக்கம் திறக்காத கண்ணாடிக்குக் கீழே, பாடி விளிம்பைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டி விட்டோம். உறிஞ்சு குழாய் வலப்பக்கம், வாய் முன்னோக்கிப் பார்க்காமல். வயருக்கு அருகே போகும் நீளத்துக்கு கிளாஸ் ஃபைபர் நாடா சுற்றி, அதற்குமேல் இரண்டு அங்குல இடைவெளியும் விட்டாயிற்று. நாடாவை மட்டும் நம்பக்கூடாது.

சோதனை எளிது. வெளிமுனையை அடைத்து, மறுபக்கம் காற்று கொடுத்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். இரண்டாம் மூட்டு நுரைத்தது. கழற்றி மறுபடி மாட்டினோம்.

டிசம்பர் 12, வியாழன்

டீசல் பாதை. வண்டியின் டேங்கைத் தொடவில்லை. 10 லிட்டர் தனி டேங்க், பின் கதவுக்கு வெளியே ஸ்டாண்டில்.

பெட்டியில் வரும் பச்சை நிற மெத்துக் குழாயை எவரும் பயன்படுத்த வேண்டாம். உள்விட்டம் 4 மி.மீ., உப்பிச் சுருங்கும். பம்ப் ஒவ்வொரு துடிப்புக்கும் 0.022 மி.லி. தள்ளுகிறது, ஒரு சொட்டுக்கும் குறைவான அளவு அது. குழாய் உப்பினாலே அந்தத் துடிப்பு பாதியில் தொலைந்துபோகும், காற்றுக்குமிழியும் நடுவில் குந்திக்கொள்ளும். 2 மி.மீ. உள்விட்டமுள்ள கெட்டி நைலான் குழாய் வாங்கினோம். வெட்டுவது புது பிளேடால், நேராக. கட்டிங் பிளேயரால் நசுக்கினால் வாய் மூடும். மூட்டில் ரப்பர் ஹோசுக்குள் இரு நைலான் முனைகளும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவே இடைவெளி இருந்தால் அது குமிழிக்கு வீடு.

பம்பைப் படுக்க வைக்கக்கூடாது. வெளியேறும் வாய் (வயர் பிளக் இருக்கிற பக்கம்) மேல்நோக்கி 15 முதல் 35 டிகிரி சாய்வாக, அல்லது நெட்டுக்குத்தாக. டேங்குக்கு அருகில், ரப்பர் பிடியில். பாடியோடு நேரே முறுக்கினால் டிக் டிக் என்கிற சத்தம் இரவு முழுக்கத் தலையணைக்குள் கேட்கும். பம்புக்கு முன்னால் ஃபில்டர்.

மாட்டுவதற்கு முன்னால் பம்பை அளந்தோம். ஊசி போடும் சிரிஞ்சில் 200 துடிப்பு விட்டால் 4.4 மி.லி. வர வேண்டும். வந்தது 4.3. சரி. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல், பின்னால் கரி பிடித்தபோது பம்பைச் சந்தேகப்பட்டுப் பயனில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. பட்டறை அரைநாள். வயர் வேலை மட்டும்.

கிளம்பும்போது க்ளோ பிளக் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், இரண்டு மூன்று நிமிஷம். ஓடும்போது ஒரு ஆம்பியருக்கு முன்பின். ஆகவே வயரின் தடிமனை ஓடும்போது இழுப்பதற்குக் கணக்கிடக்கூடாது, கிளம்பும்போது இழுப்பதற்குக் கணக்கிட வேண்டும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர். போக வர 10. கூட வந்த மாதிரி 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரில் 10 ஆம்பியர் போனால் 0.74 வோல்ட் வழியிலேயே விழும். 6 ஸ்கொயரில் 0.31. விடியற்காலையில் 12.0 வோல்ட்டில் நிற்கிற பேட்டரிக்கு அந்த அரை வோல்ட்தான் பற்றுமா பற்றாதா என்பதைத் தீர்மானிக்கும். 6 ஸ்கொயர், பேட்டரி முனையிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ்.

இக்னிஷன் வழியாகவோ, மெயின் ஸ்விட்ச் வழியாகவோ இணைக்கவில்லை. ஆஃப் அழுத்திய பிறகும் ஹீட்டர் மூன்று முதல் ஐந்து நிமிஷம் காற்றை ஓட்டித் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். அதற்குள் மின்சாரத்தைப் பிடுங்கினால் உள்ளே சூடு தங்கி, சென்சாரும் விசிறித் தாங்கியும் வெந்துபோகும். வண்டிக்காரருக்கு இதை மூன்று முறை சொல்லி, கன்ட்ரோலர் பக்கத்தில் எழுதியும் ஒட்டினோம்.

டிசம்பர் 14, சனி

முதல் ஓட்டம். கதவெல்லாம் திறந்து வைத்து. புது ஹீட்டரில் பெயின்ட், எண்ணெய் கருகும் நாற்றம் அரைமணி நேரம் வரும்.

குழாயில் டீசல் நிரப்பும்போது ஹீட்டர் வாய்க்கு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்தினோம். ஆர்வத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தால் எரிகலத்தில் குளம் கட்டி, பற்றும்போது தெருவையே வெள்ளைப்புகை மூடும். முறையாக நடந்தால் விசிறி மெல்லச் சுழலும், பிளக் சிவக்கும், பம்ப் துடிக்கும், இரண்டு நிமிஷத்தில் சத்தம் கனக்கும். கொஞ்சம் வெள்ளைப்புகை, அப்புறம் தெளிவு. 40 நிமிஷம் முழு வேகம். ஆறியதும் கிளாம்ப் எல்லாம் மறுபடி முறுக்கு. அரைச் சுற்று வாங்கின.

புகையிலிருக்கும் மணமில்லாத விஷவாயு கசிந்தால் எச்சரிக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம், ஈ.என். 50291 என்ற தர முத்திரை உள்ளது, தலைமாட்டு உயரத்தில். கேஸ் அடுப்பைக் குளிருக்காக எரிக்க வேண்டாம் என்பதும் சொல்லப்பட்டது: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகி அத்தனையும் கண்ணாடியிலும் மெத்தையிலும்தான் இறங்கும். டீசல் ஹீட்டரின் ஈரம் புகையோடு வெளியே போய்விடுகிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

போடிமெட்டு ஏறி, தேவிகுளம், மூணாறு, டாப் ஸ்டேஷன். (கீழே கொட்டகுடிக்குத் தேயிலை இறக்கிய ரோப்வேயின் மேல்முனை இது. மூணாற்றிலிருந்து இங்குவரை ஓடிய ரயிலின் பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தது, ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.) ஏறக்குறைய 1,700 மீட்டர்.

எதிர்பார்த்ததுதான்: போடியில் சுத்தமாக எரிந்த ஹீட்டர் இங்கே சாம்பல் நிறத்தில் ஊதியது. விசிறி அதே கன அளவு காற்றைத்தான் இழுக்கிறது, ஆனால் இந்த உயரத்தில் அதன் எடை கடல்மட்டத்தைவிட 15 சதவீதம் குறைவு. பம்புக்கு மலை தெரியாது, அதே டீசலைத் தள்ளும். மிச்சமாகும் டீசல் கரியாகிறது.

கன்ட்ரோலரின் உள் அமைப்பைத் திறந்தோம், கடவுஎண் பெரும்பாலும் 1688. பம்பின் மேல்வரம்பு 3.0 ஹெர்ட்ஸிலிருந்து (வினாடிக்கு மூன்று துடிப்பு) 2.6. கீழ்வரம்பு 1.3-ஐ 1.1 ஆக்கினோம், அதில் தீ அணைந்து ஈ-08 என்ற பிழைக்குறி காட்டியது. 1.2-க்கு ஏற்றி, விசிறியின் குறைந்த சுற்றை 200 கூட்டியதும் நின்று எரிந்தது. 1.2 ஹெர்ட்ஸ் என்றால் மணிக்கு 95 மி.லி.; எட்டு மணி நேர இரவுக்கு முக்கால் லிட்டர். போடிக்கு இறங்கியதும் மாற்ற வேண்டியதில்லை, அங்கே யார் ஹீட்டர் போடப் போகிறார்கள்.

ஜனவரி 18, 2025, சனி

பொங்கல் முடிந்து வண்டி திரும்பியது. ஈ-10, பற்றவில்லை. இரண்டு முறை முயன்று நிறுத்திக்கொள்கிறது.

பேட்டரி 12.6. பம்ப் துடிக்கிறது, சிரிஞ்சில் 4.3 மி.லி. க்ளோ பிளக் ஒரு ஓமுக்குச் சற்று முன்பின், உயிரோடிருக்கிறது. பிளக்கைக் கழற்றி அதைச் சுற்றியிருக்கும் கம்பிவலையை இழுத்ததும் காரணம் தெரிந்தது. வலை முழுக்கக் கரி, ஊசி நுழையாது. டீசல் ஆவியாகிப் பிளக்கைச் சேர வழியே இல்லை.

நான்கு வாரமும் வெப்பநிலை முறையில் 18 டிகிரி வைத்திருக்கிறார்கள். இந்த வகை ஹீட்டர் அந்தச் சூட்டை எட்டியதும் அணைவதில்லை, கீழ்வரம்புக்கு இறங்கி முனகும். போதாக்குறைக்குக் கன்ட்ரோலரைச் சூட்டுக்காற்று வாய்க்கு நேரே நகர்த்தியிருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் 18 காட்டிவிடும், இரவெல்லாம் குறைந்த தீ.

புது வலை. எரிகலத்தைக் கம்பி பிரஷால் சுரண்டி, கார்புரேட்டர் ஸ்பிரே அடித்து, அது முழுக்க உலர்ந்த பிறகே பற்றவைப்பு. கன்ட்ரோலர் மறுபடி கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், நெஞ்சு உயரத்தில். இனிக் கைமுறை ஓட்டம், 1.8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்காமல். அதிகம் சுட்டால் ஜன்னலைத் திறக்கட்டும் அல்லது அணைக்கட்டும். காலையில் அணைப்பதற்கு முன் 20 நிமிஷம் முழு வேகம். மழைக்காலத்தில் தேவையில்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை அதே 20 நிமிஷம், இல்லையேல் பம்புக்குள் டீசல் பிசினாகும்.

மூன்று மணிக்குப் பற்றியது. வெள்ளைப்புகை நாற்பது வினாடி. வலை இன்னும் இரண்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டனுப்பினோம்.