அம்மாவின் வெள்ளிக் கை

கை இருக்கும் இடத்துக்குத்தான் கை போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்கள் கடற்கரையில் முன்னோர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த புனித சவேரியாரின் உடம்பு கோவாவில்தானே இருக்கிறது, அங்கே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நாங்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தோம். "உடம்பு அங்கேயே இருக்கட்டும். நமக்கு ஞானஸ்நானம் குடுத்த கை ரோமாபுரியிலதான் இருக்கு. தம்பிக்கு அடிபட்டதும் கையிலதான்" என்று முடித்துவிட்டாள்.

தம்பி விசைப்படகில் மடிவலை இழுக்கும்போது வலது கை வின்ச் எந்திரத்தில் சிக்கியது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்கள். அன்று ராத்திரி அம்மா நேர்ந்துகொண்டாள். எப்படியோ கை தப்பியது. ஆனால் முழுசாக நீட்ட வராது. தூத்துக்குடியில் வெள்ளியில் ஒரு கை வாங்கினாள், சுண்டுவிரல் நீளம், எட்டு கிராம். பதினைந்து வருஷம் பீரோவில் செபமாலையோடு கிடந்தது. அம்மா போய்ச் சேர்ந்ததும் கடன் என் தலையில் வந்தது.

மகள் ஜெர்மனியில் இருப்பதால் 2025-ல், கத்தோலிக்கரின் புனித ஆண்டான யூபிலி ஆண்டில், வழி பிறந்தது. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. கூட வந்தவர் மாப்பிள்ளை. அவர் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர், சி.எஸ்.ஐ. என்கிற சீர்திருத்தச் சபை; நாங்கள் கத்தோலிக்கர். கல்யாணத்தின்போது தாலி கட்டுவது மாதா கோயிலிலா வேதக்கோயிலிலா என்று நாலு மாதம் இரண்டு வீட்டிலும் நடந்த சண்டையை இங்கே எழுத மாட்டேன். அதிலே நான் பேசிய பேச்சும் உண்டு.

ரோமாபுரியில் முதல் நாள் இராயப்பர் (பேதுரு) பேராலயம். யூபிலி ஆண்டில் மட்டும் திறக்கும் கதவு வழியாகப் போக வெயிலில் இரண்டரை மணி நேரம் நின்றோம். வழியெல்லாம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், வரிசையில்லாமல் கூட்டிப்போகிறோம், இத்தனை யூரோ என்று. இலவசமாகப் போகிற கோயிலுக்கு! மாப்பிள்ளை சிரித்தார். "அத்தை, இந்தக் கோயிலைக் கட்டத்தான் பாவ மன்னிப்புப் பலனைக் காசுக்கு வித்தாங்க. 1517-ல் மார்ட்டின் லூத்தர் அதுக்குத்தான் சண்டைக்கு வந்தார். இப்போ வரிசையை விக்கிறாங்க." எனக்குச் சுருக்கென்றது. "அந்த விற்பனையை ஆயர்களெல்லாம் கூடின திரெந்து பொதுச்சங்கம் நிறுத்திட்டுது, 1567-ல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் (பயஸ்) காசு வாங்கித் தரும் பலனையெல்லாம் ரத்து பண்ணிட்டார், தெரியுமா?" என்றேன். மறைக்கல்வி வகுப்பில் இருபது வருஷம் பாடம் எடுத்தவள் நான், விடுவேனா. "லூத்தர் கத்தினப்புறம்தானே அத்தை" என்றார். சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள்தான் கையிடம் போனோம். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. இறங்கிப் பார்த்தால் பை வாய் திறந்து கிடக்கிறது, பர்ஸ் இல்லை. நூற்றிருபது யூரோவும் வீட்டுச் சாவியும் போயின. நடுத்தெருவில் அழுதே விட்டேன். வெள்ளிக் கை பர்ஸில் இல்லை. அம்மா கனவில் வந்து சொன்னதுபோல, அன்று காலைதான் அதைக் கைக்குட்டையில் சுற்றி ஊக்கால் ரவிக்கையோடு குத்தியிருந்தேன். திருடனுக்குக் காசு போனது போகட்டும். ஆண்டவரே, அது பிழைத்ததே.

இஞ்ஞாசியாரும் சவேரியாரும் இருந்த துறவற சபையான சேசு சபையின் தாய்க்கோயில் அது, ஜெசு என்கிறார்கள். 1568-ல் தொடங்கி 1584-ல் அபிஷேகம் ஆனது. உள்ளே நுழைந்ததும் எனக்குத் தோன்றியது இது: நடுவில் தூண் வரிசை இல்லை, ஒரே பெரிய கூடம். எங்கே உட்கார்ந்தாலும் பீடம் தெரிகிறது. பிரசங்க மேடை கூடத்தின் நடுவாக்கில் பக்கச் சுவரில் இருக்கிறது. "எங்க கோயில் மாதிரில்ல இருக்கு, பிரசங்கம் கேக்கிறதுக்குன்னே கட்டினாப்பல" என்றார் மாப்பிள்ளை. உண்மைதான். சபையை விட்டுப் போனவர்கள் பிரசங்கத்தால்தான் சனங்களை இழுத்தார்கள். அது தெரிந்துதான் இவர்களும் கட்டியிருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை எதிராளியிடமே பாடம் படித்தது என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கோபிப்பார்கள். ஆனால் குருமடம் வைத்துச் சாமியார்களைப் படிக்கவைக்க வேண்டும், மேற்றிராணியார் (ஆயர்) தன் மறைமாவட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்றெல்லாம் 1563-க்குள் அந்தத் திரெந்து சங்கம் சட்டம் போட்டது எதனாலே?

இடப்பக்கம் இஞ்ஞாசியார் கல்லறை. அதற்கு நேர் எதிரே, வலப்பக்கம், சவேரியார் கை. பாரிசில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். 1540-ல் ரோமாபுரியில் பிரிந்தவர்கள் அப்புறம் சந்திக்கவே இல்லை. இருவரையும் 1622-ல் ஒரே நாளில் புனிதராக்கினார்கள். இங்கே இப்படி எதிரும் புதிருமாக இருக்கிறார்கள்.

இஞ்ஞாசியார் பீடத்தின் வலப்பக்கத்தில் ஒரு பளிங்குச் சிலைக் கூட்டம். சிலுவையோடு நிற்கும் ஒரு பெண் இரண்டு பேரை அடித்து வீழ்த்துகிறாள். கீழே கிடப்பவனுக்கு அடியில் ஒரு தடிப் புத்தகம், அதில் லூத்தர் பெயர். பக்கத்தில் ஒரு குட்டிச் சம்மனசு (தேவதூதன்), கன்னம் உப்ப, லூத்தர் காலத்து இன்னொரு சீர்திருத்தக்காரரான சுவிங்லியின் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. விருந்துக்கு வந்தவர் முன்னால் பழைய பகையைப் பேசியதுபோல. அந்தப் பக்கம் பார்த்தால் இன்னொரு சிலைக் கூட்டம்: விசுவாசம் விக்கிரக ஆராதனையை வெல்கிறதாம். அது யார்? ஞானஸ்நானத்துக்கு முந்தின என் முப்பாட்டன்தான். "வாங்க மாப்பிள, நம்ம ரெண்டு பேரையும் அடிக்கிறாங்க" என்றேன். அவர் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு இசை போட்டு, பீடத்துப் படம் கீழே இறங்கி, இஞ்ஞாசியார் சுரூபம் தெரிகிறது. கூட்டம் முழுக்கப் போனைத் தூக்கிவிட்டது. அந்தச் சுரூபத்தின் வெள்ளியைப் பாப்பரசரே உருக்கி நெப்போலியனுக்குத் தண்டம் கட்டினாராம். என் ரவிக்கையில் எட்டு கிராம் குத்திக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கையிடம் போனேன்.

பீடத்தின் மேலே, எட்டாத உயரத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது. முழங்கைக்குக் கீழேதான். 1614-ல் சபைத் தலைவர் கேட்டு கோவாவிலிருந்து வந்த அருளிக்கம், அதாவது புனிதரின் உடல் எச்சம். இப்படி அருளிக்கம் வைப்பதைத்தான் கல்வீன் போன்ற சீர்திருத்தக்காரர்கள் எலும்பு வியாபாரம் என்று கேலி செய்தார்கள். திரெந்து சங்கம் வணங்கலாம், ஆனால் காசு பண்ணக்கூடாது என்றது. எனக்கு அந்த வாதமெல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை. கறுத்துச் சுருங்கிய கை. கிழவர்களின் கை எப்படி இருக்குமோ அப்படி. 1544 சனவரியில் சவேரியார் கொச்சியிலிருந்து எழுதினாரே, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, அவர்கள் பாஷையில் விசுவாச மந்திரம் சொல்லிச் சொல்லிக் குரல் போய்விடுகிறது என்று. அவர்கள் என்றது எங்களைத்தான். எங்கள் கடற்கரை மணலில் நின்ற முன்னோர்களை.

இந்தக் கை தமிழ் கேட்டு எவ்வளவு நாளாகியிருக்கும் என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்தது. முழங்காலில் இருந்து, அம்மா சொல்லித் தந்த பழைய விசுவாச மந்திரத்தைச் சத்தமாகவே சொன்னேன். "பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த எல்லாம் வல்ல பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறேன்." பக்கத்தில் இன்னொரு குரல் கூடவே வந்தது. நான் பரலோகத்தையும் என்றபோது அவர் வானத்தையும் என்றார். நான் சர்வேசுரன் என்ற இடத்தில் அவர் தேவன் என்றார். அங்கங்கே முட்டிக்கொண்டு, ஒருவர் முடிக்க மற்றவர் காத்திருந்து, கடைசி ஆமென் மட்டும் சேர்ந்து வந்தது. அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அம்மா, அம்மா என்றுதான் வந்தது. நன்றி சொல்ல வந்தவள் அழுதுகொண்டே கிடந்தேன்.

வெள்ளிக் கையை வைக்க இடமில்லை. உண்டியல் வாய் சில்லறைக்குத்தான் ஆகும். மெழுகுதிரி பார்க்கிறவர் இங்கே இதெல்லாம் வாங்குவதில்லை என்று கையாட்டினார். மாப்பிள்ளை விடாமல் தேடிப்போய், ஜெர்மன் தெரிந்த ஒரு வயதான சாமியாரைக் கூட்டிவந்தார். என்ன சொன்னாரோ தெரியாது. சாமியார் அதை வாங்கி, பீடத்தின் மேல், கைக்கு நேர் கீழே வைத்தார். ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம். அப்புறம் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். ஊரில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றாராம்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டோம். எங்கள் ஊர் மணப்பாட்டில் ராத்திரி பத்து மணி தாண்டிவிட்டது. "வச்சாச்சாக்கா?" என்றான். மாப்பிள்ளை போனைத் திருப்பிக் கோயிலைக் காட்டினார். தம்பி போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். நீட்ட வராத வலது கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெற்றிக்குக் கொண்டுபோய், சிலுவை போட்டுக்கொண்டான்.