திறக்க ஓர் ஆள்

போன நவம்பரில் ஓர் இரவு பத்தரை மணிக்கு அண்ணாவின் மகன் வாட்ஸ்அப்பில் எடுத்தான். வெளியே மாரி மழை. எங்கள் சனசமூக நிலையத்து வாசிகசாலைக் கூரை ஒழுகி நனைந்த புத்தகங்களை நான் குசினியில் அடுப்பைச் சுற்றி விரித்து வைத்திருந்தேன்.

"மாமி, இஞ்ச ஒரு லைப்ரரி தொடங்கப் போறம். நீங்கள் எப்பிடித் தொடங்கினீங்கள்?"

அவன் லண்டனில் வளர்ந்தவன். ஒரு வருட வேலையாகக் கானாவின் வடக்கே, போல்கட்டாங்காவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். அங்கே அப்போது மாலை ஐந்து மணி. சகாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் காற்று வீசத் தொடங்கியிருந்தது. மேசையில் விரலை இழுத்துக் காட்டினான், விரல் முழுக்க தூசி. எங்களுக்கு ஈரத்தில் தாள் ஊதுகிறது, அவர்களுக்குப் புழுதியில் அட்டை மங்குகிறது.

லண்டனில் நண்பர்கள் இரண்டாயிரம் புத்தகம் சேர்த்துவிட்டதாகச் சந்தோசமாகச் சொன்னான். நான் ஒன்றுதான் கேட்டேன்: "சரி, ஆர் திறக்கிறது?"

அந்தக் கேள்வியை நான் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் ஊர் வாசிகசாலை இடப்பெயர்வுக்குப் பிறகு கனகாலம் பூட்டிக் கிடந்தது. 2012 இல் திரும்பத் திறந்தோம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் பதினொரு பெட்டி புத்தகம் அனுப்பினார்கள். அன்போடு அனுப்பினார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டிகளைப் பிரித்தால் வரிச் சட்டம், பழைய கம்பியூட்டர் பாடநூல்கள், மொத்த மொத்தமான ஆங்கில நாவல்கள். மூன்று இறாக்கை நிறைந்தது. குத்துவிளக்கு ஏற்றினோம், நாடா வெட்டினோம். சாவி பொருளாளரிடம் போனது. அவர் வெங்காயத் தோட்டக்காரர், பின்னேரம் தண்ணீர் இறைக்கிற நேரம். பிள்ளைகள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒருநாள் நான் போய்க் கதவைத் தள்ளினால் உள்ளே நிலத்தில் ஒரு கதைப் புத்தகம். யாரோ கதவின் கீழ் இடைவெளியால் தள்ளிவிட்டிருக்கிறார்கள். உள்ளே கொப்பித் தாளில் பென்சிலால் எழுதியிருந்தது: "மூன்று தரம் வந்தேன்." ஆறாம் வகுப்புப் பிள்ளை. நான் முப்பது வருடம் ரீச்சராக இருந்தவள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அந்த வாசற்படியிலேயே கனநேரம் இருந்தேன்.

அதற்குப் பிறகு வெளிநாட்டுக்காரரிடம் புத்தகம் கேட்பதை நிறுத்தினோம். மாதம் 12,000 ரூபா கேட்டோம். ஏ.எல். என்கிற உயர்தரப் படிப்பு முடித்த ஒரு பிள்ளையை வேலைக்கு எடுத்தோம். பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு வரை, மழையோ வெயிலோ, அவள் திறப்பாள். வாசிகசாலைக்கு அன்றுதான் உயிர் வந்தது.

மருமகன் கேட்டபிறகு அந்தப் பக்கத்து நூலகங்களைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். கானா, கோல்ட் கோஸ்ட் என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த காலத்திலேயே, 1950 இல், அங்கே அரசு நூலகச் சபை தொடங்கிவிட்டது. ஆனாலும் சின்ன ஊர்களுக்கு நூலகம் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் தனி ஆட்களின் பிடிவாதத்தால்தான். கனடாவைச் சேர்ந்த கேத்தி நோல்ஸ் 1990 இல் அக்ராவில் தன் வீட்டுத் தோட்டத்து மரத்தடியில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார். 1992 இல் ஒரு கப்பல் கொள்கலனை நூலகமாக்கினார். இதை வாசித்தபோது எனக்கு 1933 இல் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கிய க. மு. செல்லப்பாவின் நினைவு வந்தது. அந்த வீட்டிலிருந்து வளர்ந்ததுதான் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட எங்கள் பொது நூலகம். மரத்தடியோ வீட்டு விறாந்தையோ, முதலில் ஓர் ஆள் இருந்திருக்கிறார்.

போல்கட்டாங்காவுக்குக் கிட்டவே சும்ப்ருங்கு என்ற ஊரிலும், எல்லைக்கு அப்பால் புர்கினா பாசோவின் கிராமங்களிலும் 2001 இல் தொடங்கிய ஓர் அமைப்பு நூலகங்களை நடத்த உதவுகிறது. அவற்றைப் பார்த்துக்கொள்வது அந்தந்த ஊர் ஆட்கள். மருமகனை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

போய்வந்து அவன் சொன்ன முதல் விசயம் மொழி. வீட்டில் குருனே பேசும் பிள்ளை பள்ளியில் ஆங்கிலம் வாசிக்கிறது. லண்டன் பெட்டியில் வருவதெல்லாம் பனி பெய்யும் கதைகள். பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்களாம். ஆனால் நோல்ஸ் அங்கத்தைய பிள்ளைகளையே படம் எடுத்துச் செய்த சின்னப் புத்தகங்கள் கையில் நிற்பதில்லையாம். அப்புறம் ஒன்று காட்டினான்: திரும்பி வரும் புத்தகங்களைப் போட அந்த ஊர்ப் பெண்கள் புல்லில் பின்னிய கூடை, தோல் சுற்றிய கைபிடியோடு. எங்கள் வாசிகசாலையில் அதே வேலைக்குப் பனையோலைக் கடகம் வைத்திருக்கிறோம். நான் கமராவைத் திருப்பி அதைக் காட்டினேன். இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அந்தப் படப் புத்தக யோசனையை நான் விடவில்லை. இந்த ஆவணியில் பிள்ளைகளோடு ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குப் போய், அம்மம்மா ஒருவர் பனங்களி பிசைந்து பாயில் ஊற்றிப் பினாட்டுப் போடுவதைப் படம் எடுத்தோம். வசனம் முழுக்கப் பிள்ளைகளுடையது. இருபது பக்கம், நூலால் தைத்து, அட்டை ஒட்டினோம். ஒரே ஒரு பிரதி.

மருமகனும் ஆள் தேடிவிட்டான். கூடை பின்னும் ஒரு பெண்ணின் மூத்த மகள். இரண்டாயிரம் புத்தகத்தில் நானூறை மட்டும் எடுத்துக்கொண்டு, கப்பற்கூலியில் மிஞ்சியதை அவளுடைய முதல் வருடச் சம்பளத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

எங்கள் பினாட்டுப் புத்தகம் இரவல் போய் ஐந்து கிழமையாகிறது. வாசிகசாலை திறக்கிற எங்கள் பிள்ளை போன சனிக்கிழமை அதை வாங்கிவரச் சைக்கிளில் போனாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மம்மா தன் கை மட்டும் தெரியும் ஏழாம் பக்கத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவள் ஒன்றும் கேட்காமல் திரும்பிவந்து, பதிவேட்டில் பேரனின் பெயருக்கு நேரே இன்னும் இரண்டு கிழமை நீட்டி எழுதிவிட்டாள்.