படகு கராஜ் – பாகம் 3: ஹெடரில் காணாமல் போன 6 இன்ச்

காகிதத்தில் படகின் உச்சிக்கும் ஹெடருக்கும் (கதவுக்கு மேலே வரும் உத்தரம்) இடையே 5 இன்ச் இடைவெளி இருந்தது. ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தபோது மைனஸ் 1. நல்லவேளை, கதவு இன்னும் மாட்டவில்லை. இடித்தது சோதனைக்குத் தொங்கவிட்ட அட்டையில்தான்.

முந்தைய பாகங்களைப் படிக்காதவர்களுக்கு: இடம் அமெரிக்காவின் ஜார்ஜியா, லேனியர் ஏரிக்குக் கிழக்கே, மேடும் பள்ளமுமான செம்மண் பூமி. ஏரி ராணுவப் பொறியாளர் பிரிவின் கையில் இருக்கிறது. தனியார் டாக் (படகுத்துறை) பெர்மிட்டுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டதால் புதிதாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் படகு வீட்டில்தான். 24 அடி வேக் போட் (பின்னால் அலை எழுப்பி அதில் போர்டு ஓட்டுவதற்கான படகு), அகலம் 8 அடி 6 இன்ச், டவரை (படகின் மேல் நிற்கும் உலோக வளைவு) மடக்காமல் ட்ரெய்லர் மேல் உயரம் 9 அடி 7 இன்ச். படகின் பின் பிளாட்ஃபார்ம், ட்ரெய்லரின் முன் நாக்கு எல்லாம் சேர்த்து 29 அடி. கராஜ் உள்ளளவு 14க்கு 34 அடி. கதவு 10 அடி அகலம், 10 அடி உயரம் என்று பிளான்.

டவரை மடக்கினால் 8 அடிக் கதவே போதும், தெரியும். ஸ்பீக்கர், போர்டு ரேக், பிமினி (வெயில் மறைப்பு) எல்லாவற்றையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கழற்றி மாட்டுவதற்காக யாரும் கராஜ் கட்டுவதில்லை.

இப்போது விஷயத்துக்கு. இங்கே டிரைவ்வே தெருவிலிருந்து கராஜை நோக்கி இறங்குகிறது, அடிக்கு 1 இன்ச். வெளியே இறங்கும் டிரைவ்வே என்றால் இந்தத் தலைவலியே இல்லை. அங்கே ட்ரெய்லரின் மூக்கு தாழும், டவரும் கூடவே தாழும். இங்கே நேர் எதிர். ட்ரெய்லர் சக்கரம் உள்ளே சமதளத்துக்கு வந்துவிடுகிறது, இழுக்கும் வண்டி இன்னும் மேட்டில் நிற்கிறது. டவர் உச்சி ஹெடருக்கு நேர் கீழே வரும் நேரத்தில் ஹிட்ச் குண்டு (வண்டியில் ட்ரெய்லரை மாட்டும் உருண்டை) வாசலுக்கு 15 அடி வெளியே, அதாவது தளத்தைவிட 15 இன்ச் கூடுதல் உயரத்தில். சக்கர மையத்திலிருந்து குண்டு வரை 19 அடி. அப்படியானால் ட்ரெய்லர் அடிக்கு 0.8 இன்ச் அண்ணாந்து நிற்கிறது. டவர் உச்சி சக்கர மையத்துக்கு 4 அடி முன்னால் இருப்பதால் சுமார் 3 இன்ச் ஏறுகிறது.

கணக்கு 3 என்றது. அளந்தால் 4க்கு ஒரு நூல் குறைவு. மீதி இன்ச் எங்கிருந்து வந்தது என்பதைப் பிடிக்கத்தான் ஒரு முழு நாள் போனது. இந்த ட்ரெய்லரில் இருப்பது டார்ஷன் ஆக்சில் (ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் முறுக்கத்தில் பளு தாங்கும் வகை), முன்னும் பின்னுமாக இரண்டு. இலை ஸ்பிரிங்கில் ஈக்வலைசர் பளுவை இரண்டு ஆக்சிலுக்கும் பகிர்ந்துவிடும், சுழல் மையம் நடுவிலேயே நிற்கும். டார்ஷனில் அந்தப் பகிர்வு கிடையாது. மூக்கு தூக்கினால் பளு பின் ஆக்சிலுக்குப் போகிறது, முன் டயர் லேசாகிறது. சுழல் மையமும் பின்னால் நகர்கிறது. டவருக்கும் மையத்துக்கும் உள்ள தூரம் 4 அடியிலிருந்து 5 அடிக்கு ஓடிவிடுகிறது. சமதளத்தில் டேப் பிடித்து எத்தனை தடவை அளந்தாலும் இது தெரியாது.

அடுத்த 2 இன்ச்சைத் தின்றது கதவு. முழுக்கத் திறந்த செக்‌ஷனல் கதவின் (குறுக்குப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறிப் படுக்கும் வகை) கீழ் விளிம்பு, ரப்பர் சீல், பிராக்கெட் எல்லாம் ஹெடருக்குக் கீழே தொங்கும். கதவுக் கடையில் ‘10 அடி கிளியர்’ என்று அடித்துச் சொன்னார்கள். அந்தக் கிளியரில் சீல் சேர்த்தியா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சோதித்த விதம்: ஹெடரின் அடியில் 2 இன்ச் தொங்குமாறு அட்டைப் பட்டையை ஸ்டேப்ளர் அடித்து, டவர் உச்சி விளக்கில் நீலச் சாக்பீஸ் பொடி தடவி, மெதுவாக ரிவர்ஸ். அட்டையில் விளிம்பிலிருந்து 1 இன்ச் மேலே வரை நீலக் கோடு. உயரம் அளக்கும் முன் டயரில் காற்றை முழுசாக அடிக்க வேண்டும். காற்று இறங்கிய டயரில் அளந்த உயரத்தை நம்பினால் அங்கேயும் அடி விழும்.

மாற்று வழிகளில் முதலில் பார்த்தது ஹிட்ச்சைத் தாழ்த்துவது. 4 இன்ச் தாழ்த்தினால் டவரில் ஒரு இன்ச்தான் லாபம். வாசல் முன் 16 அடியைச் சமதளமாக்கலாம் என்றால், மொத்தம் 60 அடி டிரைவ்வேயில் மீதி 44 அடி, அடிக்கு 1.4 இன்ச் சரிவாக மாறும். அந்த மடிப்பில் பின்பக்கம் தாழ்ந்து, சுக்கானுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே உள்ள 14 இன்ச்சில் 10 இன்ச் போய்விடும். ஒரு இடியைத் தவிர்க்க இன்னொரு இடியா?

கடைசியில் ஹெடரையே தூக்கியாகிவிட்டது. வாசல் கூரையின் முக்கோணச் சுவரில் இருப்பதால் ட்ரஸ் (கூரைச் சட்டம்) பளு பக்கச் சுவர்களில்தான் இறங்குகிறது. கூரைக்கு முட்டு கொடுக்காமலே வேலை முடிந்தது. கதவு 10 அடி 6 இன்ச், அதாவது 21 இன்ச் பலகை ஆறு. மேல் சட்டத்துக்கு ஒன்றரை இன்ச் சேர்த்தால் ஹெடரின் அடி 127½. எல்விஎல் (மரத் தகடுகளை ஒட்டிச் செய்த) உத்தரம் 11⅞. அதற்கு மேல் இரட்டை டாப் பிளேட் (சுவரின் உச்சிக் கட்டை) 3. எல்லாம் 142⅜ இன்ச்சில் முடிகிறது, சுவர் 144. கச்சிதம்! ஹெடருக்கு மேல் நின்ற குட்டை ஸ்டட்கள் (நிற்கும் கட்டைகள்) மொத்தமும் போயின, உத்தரத்தைத் தாங்கும் இருபக்க ஜாக் ஸ்டட்களைப் புதிதாக வெட்ட வேண்டி வந்தது. பழையதன் மேல் 6 இன்ச் துண்டு வைத்து ஒட்டுப் போடாதீர்கள், உத்தரத்தின் பளு ஒரே கட்டையில் இறங்க வேண்டும். திருத்திய வரைபடத்தையும் பெர்மிட்டில் சேர்க்க வேண்டும்.

கதவுக்கு மேல் இப்போது 18 இன்ச். 15 இன்ச் வளைவு டிராக்குக்குத் தாராளம். மோட்டாரைச் சுவரில், கதவு ஸ்பிரிங் சுற்றியிருக்கும் டார்ஷன் ஷாஃப்ட் முனையில் மாட்டும் வகையாகப் பாருங்கள். அப்போது கூரை நடுவில் ரயிலே வேண்டாம்.

டிரைவ்வே உள்நோக்கி இறங்குவதால் வாசலுக்கு வெளியே குறுக்கு வடிகால் கட்டாயம். தளத்துக்கு அடிக்கு ⅛ இன்ச் வாட்டம் வாசலை நோக்கி, மழைத் தண்ணீரும் படகில் சொட்டுவதும் ஒரே வடிகாலில் போகும். பிளாஸ்டிக் கிரேட்டிங் போட்டால் ட்ரெய்லர் டயர் ஏறி உடையும். வார்ப்பிரும்பு போடுங்கள், விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

மின் வேலை பாதியில் நிற்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படியும். அதனால் பேட்டரி சார்ஜர், பிளக் எதுவும் 18 இன்ச்சுக்குக் கீழே வேண்டாம். காற்றுத் துளைகளைச் சுவரின் அடியில் வைக்க வேண்டும், எதிரெதிராக இரண்டு. அதற்குள் மனசு மின்சார ட்ரெய்லர் டாலிக்கு (ட்ரெய்லரை நகர்த்தும் சிறு மோட்டார் வண்டி) தாவிவிட்டது. குண்டு உயரத்தைத் தாழ்த்தி, இழுக்கும் வண்டியே இல்லாமல் படகை உள்ளே தள்ளலாம். ஆனால் அந்தச் சரிவில் ஏறக்குறைய 7,000 பவுண்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் உள்ள டாலி இன்னும் கண்ணில் படவில்லை.

கதவு ஸ்பிரிங் ஆர்டர் கொடுக்கும் முன் புது ஹெடரில் மறுபடி அட்டையைத் தொங்கவிட்டு ஒரு ரிவர்ஸ் பாக்கி இருக்கிறது. போன தடவை பெட்ரோல் டேங்க் முக்கால் நிரம்பியிருந்தது. இந்தத் தடவை காலியாக.