அடித்த சொல்
சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் என்றால், எங்களுக்கு அது நவம்பரிலேயே தொடங்கிவிடும். பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவது, என் வேலை. மேஜையில் நாவல், சமையல், ஜோதிடம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தார்கள். கடினமான நடை. ஒரு வரி: 'வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள் விளக்கு அணைந்தது தெரியாமல்.' ஒரே சொல் இரண்டு முறை வந்திருக்கிறதே என்று சிவப்பு மையால் ஒன்றை அடித்தேன், ஒரு காற்புள்ளியும் போட்டேன். மூத்த மெய்ப்பாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "மூலத்தைப் பாத்தீங்களா தம்பி? வாய்விட்டு ஒருதடவ படிங்க." படித்தேன். இரண்டாவது சொல்லில்தான் அந்த அம்மாவின் இரவு இருந்தது. நான் அடித்தது அதைத்தான்.

அதன் பிறகு கடினமான எழுத்து என்றாலே பயபக்தியோடு உட்கார்ந்தேன். ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், முடிக்க அரை நாள் போகும். முடித்ததும் இளைப்பாறலாக சமையல் புத்தகத்தை எடுப்பேன். தெரிந்த விஷயம்தானே என்று கண் தானாக ஓடும். '2 தேக்கரண்டி உப்பு' என்ற இடத்தில் 'தேக்' விழுந்து '2 கரண்டி உப்பு' என்றே அச்சாகிவிட்டது. ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம். அந்த வருடம் என்னை அதிகம் வருத்தியது அதுதான். கதையில் தவறினால் ஒரு வரி கெடும், இங்கே ஒரு வீட்டின் சாப்பாடே கெடும். இப்போது எளிய நூல்களுக்குத்தான் வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் பார்க்கிறேன்.

எனக்காகப் படிப்பதிலும் இந்தக் கலப்பு வேண்டியிருக்கிறது. வாரம் முழுக்கச் சிடுக்கான உரைநடையிலேயே கிடந்தால் நேரான வாக்கியம்கூடச் சந்தேகமாகத் தெரிகிறது. அப்போது பேருந்தில் நகைச்சுவை எழுத்தாளர் தேவனின் புத்தகம் ஒன்றைப் பிரிப்பேன். அவருடைய உரையாடல்களில் நாலு பக்கம் போனால் காதுக்குத் தமிழ் திரும்பிவிடும். இவற்றையெல்லாம் 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. 1950 முதல் 1954 வரை வாரம் தவறாமல் ஒரு தொடரைத் தொய்வில்லாமல் கொண்டுபோனாரே கல்கி, அந்தத் தெளிவு சும்மா வருமா? பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களை ஒரே கோடை விடுமுறையில் முடித்தவன் நான். கடினமான நடைக்குப் பேர்போன மௌனி எழுதியது சுமார் 24 சிறுகதைகள்தான், இரண்டு வருடமாகியும் பாதியைத் தாண்டவில்லை. அந்தத் தாமதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

போன ஞாயிறு மௌனியின் ஒரு கதையை மூன்றாம் முறையாக எடுத்தேன். நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை எடுத்துக்கொண்டேன். கோடு அங்கேயே இருக்கிறது, இந்த ஞாயிறு அதிலிருந்து.