ராஜபாளையம் குட்டி: ஐந்தாம் மாத அளவெடுப்பு

ஒருவழியாகக் குட்டியின் உயரம் நம்பும்படியாகக் கிடைத்துவிட்டது. தோள் மட்டத்தில் 57 செ.மீ. இறக்கிவிட்டு, ஓடவிட்டு, மறுபடி நிற்க வைத்து அளந்தாலும் அதே 57. போன மாதமெல்லாம் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது.

டேப்பை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் மார்பு வளைவும் சேர்ந்துவிடும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உண்மையான வில்லங்கம் நிற்க வைப்பதில். கறித்துண்டைக் காட்டும் கை மேலே போனால் குட்டி தலையைத் தூக்கி, பின்னங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்துவிடுகிறது. கை தாழ்ந்தால் தோள்பட்டை முனைகள் துருத்திக்கொள்கின்றன. சரியாக மூக்குக்கு நேரே பிடிக்க வேண்டும். முன்னங்கால்கள் தூக்குக்குண்டு விட்டதுபோல் செங்குத்தாக இருக்க வேண்டும். வீட்டு டைல்ஸில் இது நடக்காது, கால் வழுக்கி அகன்றுவிடும். மொட்டைமாடி சிமெண்ட் தரைதான் சரி. சுவரோரம் நிறுத்தி, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் ஒரு மரச்சட்டத்தை வைத்து, அதன் மேல் ரசமட்டம். குமிழி நடுவுக்கு வந்ததும் சுவரில் பென்சில் கோடு. பிறகு நிதானமாக அளந்துகொள்ளலாம். சுவர் அழுக்காகிறது என்று வீட்டில் முணுமுணுப்பு இருக்கிறது, இருக்கட்டும்.

எடை பார்ப்பது சுலபம்: தூக்கிக்கொண்டு ஏறி, என் எடையைக் கழித்தால் முடிந்தது. ஆனால் வளர்த்தி சரியா என்பதை எடையைவிடக் கைதான் நன்றாகச் சொல்லும். விலாவைத் தடவினால் எலும்புகள் அழுத்தாமலே தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். இரண்டும் இருக்கிறது. தெருவில்தான் “என்ன தம்பி, குட்டிக்குச் சோறே போடறதில்லையா?” என்று விசாரணை. இது வேட்டை நாய் இனம், லாப்ரடார் இல்லை. பெரிய இனக் குட்டியைக் கொழுக்க வைத்தால் வளரும் மூட்டுகள்தான் பாரம் சுமக்கும்.

இடுப்பு தோளைவிடச் சற்று உயர்ந்து, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. குட்டி கொடுத்த அண்ணாச்சிக்குப் படம் அனுப்பினேன். “பின்னாடி தூக்கியிருந்தா இன்னும் வளருதுன்னு அர்த்தம் தம்பி, இப்போ அழகு பாக்காதீங்க” என்றார். மணிக்கட்டுக்கு மேல் உருண்டையாகத் தெரிவதும் எலும்பு வளரும் முனைதான். நொண்டல், வலி, சூடு இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஓட வேண்டும். இந்த உருண்டையைப் பார்த்து பயந்து கால்சியம் சிரப் ஊற்றுகிறார்களே, அதுதான் எரிச்சல். இந்த வயதுக் குட்டிக்கு வேண்டாத கால்சியத்தைக் குடல் தடுத்து நிறுத்தத் தெரியாது. மிஞ்சியது எலும்பைத்தான் கெடுக்கும். பெரிய இனக் குட்டிக்கான தீவனம் போட்டால் அதிலேயே போதுமான அளவு இருக்கிறது.

பல் மாறுகிற நேரம், காது ஒருநாள் மடிந்தும் மறுநாள் விறைத்தும் நிற்கிறது. மூக்கு நல்ல ரோஸ். இந்த வெள்ளை நாய்களில் செவிட்டுக் குட்டி பிறப்பது உண்டு என்பதால், தூங்கும்போது அடுத்த அறையிலிருந்து தட்டைத் தட்டிப் பார்த்தேன், எழுந்து வந்தது. ஒற்றைக் காது மட்டும் கேட்காமல் இருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது.

கழுத்துப்பட்டை விஷயம் தனிக்கதை. தலை ஒடுக்கம் என்பதால் கடைப் பட்டை எல்லாம் உருவிக்கொண்டு வருகிறது. இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் ஒரே வழி. கடைகளில் இருப்பதெல்லாம் மெல்லிசு நைலான். இரண்டு விரல் அகலத்தில் தோலில் தைத்துத் தர ஒருவரைப் பிடித்திருக்கிறேன், முன்பணம் வாங்கிக்கொண்டு “நாளைக்கு, நாளைக்கு” என்கிறார். அது வந்ததும் பக்கவாட்டில் ஓடவிட்டு ஸ்லோ மோஷனில் நடை வீடியோ எடுக்க வேண்டும். மார்பு ஆழம் இன்னும் அளக்கவில்லை. முழங்கை வரை இறங்கவில்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது, அதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.