அரைப் பக்கக் கோப்பு

1984 கடைசியில், டெல்லிக் குளிரில் நான் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. கொழும்பிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்து, வேண்டியதைக் கத்தரித்து, ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதித் தரவேண்டும். வீரகேசரியும் தினகரனும் நாலைந்து நாள் பிந்திக் கட்டுக் கட்டாக வரும். அவ்வப்போது 'ப்ரொஃபைல்' ஒன்றும் எழுதச் சொல்வார்கள். பக்கத்து நாட்டுத் தலைவர் எப்படிப்பட்ட ஆள் என்பதை இரண்டு பக்கத்துக்குள் அடக்கவேண்டும். அதை மேலே யார் படித்தார்கள், படித்தார்களா என்பதெல்லாம் எங்கள் மேசைக்கு எட்டாத சங்கதி.

எனக்கு முதலில் வாய்த்தவர் அப்போதைய இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனா. ஆர்வத்தோடு எழுதினேன். 78 வயது, நீதிபதியின் மகன், வழக்கறிஞர், குரலை உயர்த்தாமல் பேசுபவர். 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், தோற்றுப்போன ஜப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம் என்றவர். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தர் வாக்கை அங்கே எடுத்துச் சொன்னவர். முதுமையும் பண்பும் சேர்ந்து இவரைச் சமரசத்துக்கு இணங்கவைக்கும் என்று முடித்திருந்தேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். தாளைப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். அப்புறம் வாயாலும் சொன்னார்: "பண்பு கிடக்கட்டும்ப்பா. இந்த மனுஷன் தன்னைவிட எளியவனுக்கு எப்போ விட்டுக்கொடுத்தார்? அதைத் தேடு."

மூன்று வாரம் பழைய கட்டுகளோடு உட்கார்ந்தேன். விட்டுக்கொடுத்த இடம் ஒன்று கிடைத்தது. 1944இல் சட்டசபையில் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கத் தீர்மானம் கொண்டுவந்தவர், தமிழையும் சேர்க்கவேண்டும் என்ற திருத்தத்துக்கு இணங்கினார். பதின்மூன்று வருடம் கழித்து, பிரதமர் பண்டாரநாயக்க தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிர ஓர் ஒப்பந்தம் செய்தபோது, அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பியவரும் இவர்தான். நடை பாதியிலேயே இம்புல்கொடவில் மறிக்கப்பட்டது. ஒப்பந்தமும் அடுத்த வருடம் கிழிபட்டது.

பதவிக்கு வந்த பிறகு நடந்தவைதான் என் முதல் ப்ரொஃபைலைப் பொய்யாக்கின. 1977 தேர்தலில் 168 இடங்களில் 140 இவர் கட்சிக்கு. அடுத்த வருடமே புது அரசியல் சாசனம், நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பதவி. 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோவின் குடிமை உரிமைகள் ஏழு வருடத்துக்குப் பறிக்கப்பட்டன. எதிர்த்து நிற்கக்கூடிய ஒரே ஆளும் 1982 ஜனாதிபதித் தேர்தலில் இல்லாமல் போனார். அதே வருடக் கடைசியில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பு. இருந்த நாடாளுமன்றத்துக்கே இன்னும் ஆறு வருட ஆயுள். சொந்தக் கட்சி உறுப்பினர்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. இத்தனையிலும் அவர் சட்டத்தை உடைக்கவே இல்லை என்பதுதான் விஷயம். எல்லாம் தாளில் இருந்தது, கையெழுத்தோடு இருந்தது.

1983 ஜூலைக் கலவரம் தொடங்கி நாலைந்து நாள் கழித்துத்தான் அவர் தொலைக்காட்சியில் பேசினார். வீடிழந்த, ஆளிழந்த தமிழர்களுக்கு அந்தப் பேச்சில் ஓர் ஆறுதல் சொல்கூட இல்லை. அந்த நறுக்கை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

டெல்லிக்கு நேராகப் பட்டது அதற்கடுத்த கதை. இந்திரா காந்தியின் தூதராக ஜி. பார்த்தசாரதி போய்ப் போய்ப் பேசினார். 1983 கடைசியில் மாவட்டங்களை இணைத்துப் பிராந்திய சபைகள் என்ற அளவுக்கு ஜே.ஆர். இறங்கிவந்தார். 'இணைப்பு சி' என்று அதற்குப் பெயர். கொழும்பில் சர்வகட்சி மாநாட்டுக்கு அது போனபோது, அவர் அதைத் தன்னுடையது என்று தாங்கிப் பிடிக்கவில்லை. கட்சிகள் எதிர்த்தன, பிக்குகள் எதிர்த்தார்கள், வருடம் ஓடியது, மாநாடு கலைந்தது.

இரண்டாவது ப்ரொஃபைலை ஒன்றரைப் பக்கத்தில் முடித்தேன். அதில் இப்படி எழுதியிருந்தேன்: 'இவர் மறுக்கமாட்டார். ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டதை வேறு யாராவது மறுப்பதற்கு நேரம் கொடுப்பார்.' சார் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் கேன்டீனில் ஜே.ஆருக்கு 'கிழநரி' என்றுதான் பெயர். சாருக்கு அது பிடிக்காது. "நரின்னு எழுதினா, நாம ஏமாந்ததுக்கு இப்பவே சாக்கு எழுதி வைக்கிறோம்னு அர்த்தம்" என்பார். அவர் சொன்னது சரிதான். அந்தக் கிழவருக்கும் பயங்கள் இருந்தன. கட்சிக்குள்ளேயே கழுத்தைப் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள்.

1987 ஜூன் 4ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. எட்டு வாரத்தில், ஜூலை 29 அன்று, ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஊரெல்லாம் ஊரடங்கு. எண்பது வயதைத் தாண்டியவர், வெளியே கலகம் நடக்கும்போது கையெழுத்துப் போட்டார். அதைத் துணிச்சல் இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஒப்பந்தத்தின் நகல் வந்ததும் பழக்கதோஷத்தில் நேரமும் தேதியும் வரும் வரிகளைத்தான் தேடினேன். வடக்கும் கிழக்கும் இணையும்; 1988 முடிவதற்குள் கிழக்கில் வாக்கெடுப்பு; ஆனால் ஜனாதிபதி தன் விருப்பப்படி அதைத் தள்ளிப்போடலாம். கடைசிவரை அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. ஒப்பந்தத்தை ஒட்டி அமைதி காக்கப் போன இந்தியப் படையும் புலிகளும் அக்டோபரில் மோதத் தொடங்கினார்கள். தன் படை இத்தனை வருடம் போட்ட சண்டையை அவர் இன்னொரு நாட்டுப் படையிடம் கைமாற்றிவிட்டார். திட்டம் போட்டுச் செய்தாரா, விழுந்த காயை எடுத்து ஆடினாரா என்பதில் எனக்கும் சாருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள்.

என் கோளாறு வேறிடத்தில் இருந்தது. 1989 ஜூன் 1ஆம் தேதி, புது ஜனாதிபதி பிரேமதாச, இந்தியப் படை ஜூலை கடைசிக்குள் வெளியேறவேண்டும் என்று அறிவித்தார். அவர் குறித்த நாள் ஜூலை 29. ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாள். சார் பிரேமதாசவின் கோப்பைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அரைப் பக்கம். கொழும்பு வாழைத்தோட்டத்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர், அதிகாலையில் எழுபவர், வீடு கட்டும் திட்டங்களில் ஆர்வம் உள்ளவர், 1978இலிருந்து பிரதமர். அவ்வளவுதான். பத்து வருடம் இரண்டாவது நாற்காலியில் இருந்தவரைப் பற்றி அரைப் பக்கம்.

"கையெழுத்தான அன்னிக்கு இவர் எங்கே இருந்தார்?" என்றார் சார்.

விழாவுக்கு வரவில்லை. பிரதமராக இருந்துகொண்டே அவர் அதைப் புறக்கணித்தார். எனக்கு அது நன்றாகவே தெரியும். அந்தச் செய்தியைக் கத்தரித்தது நான்தான். ஜே.ஆர். கோப்பைத் திறந்தேன். 'கட்சிக்குள் ஜே.ஆருக்கு எதிர்ப்பு' என்று நானே தலைப்பு எழுதி அதில் ஒட்டியிருந்தேன். பசை காய்ந்துபோயிருந்தது. கிழியாமல் எடுக்க ஒரு பிளேடு வாங்கிவரச் சொன்னேன்.